வலப்பக்கத்து மரியாதை

ஆலைப் பாலத்தில் தம்பி மேஜர் யோசெஃப், முன்கூட்டியே அனுப்பிய ஒற்றைப் பிரிவை வைத்துக்கொண்டு உயிரைக் கையில் பிடித்து நிற்கிறான். இங்கே கர்னல் ஸ்டாட்லருக்கு மரியாதை குறைந்துவிட்டதாம்! தளபதி ரெட்னிட்ஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆஸ்திரியப் படை ஆற்றங்கரையில் அணிவகுக்க வேண்டும். பாலம் இருப்பது அணியின் வலது முனையில். வலது முனை என்றைக்கும் மூத்த பட்டாளத்துக்கு உரியது. அந்த மூத்த பட்டாளம், ஸ்டாட்லருடையது, இன்றைக்குப் பார்த்துக் கடைசியில் வந்துகொண்டிருந்தது. முன்னால் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றதோ லிஸ்காவின் புதுப் பட்டாளம். ஸ்டாட்லரின் ஆட்கள் எல்லோரையும் தாண்டி முன்னே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"எங்க தாத்தன் காலத்துலேர்ந்து வலப்பக்கம் எங்களுதுங்க, தளபதி ஐயா. நேத்து முளைச்ச பசங்க அங்க போய் நின்னா, என் ஆளுங்க மூஞ்சிய எங்க வச்சுக்குவாங்க?" என்றார் ஸ்டாட்லர்.

"பாலம் போச்சுன்னா மூஞ்சிய வச்சுக்கக் கழுத்தே இருக்காதுய்யா!"

பாலத்திலிருந்து குதிரையில் வந்தவன் இறங்கக்கூட இல்லை. "ஆலைச் சுவருக்குப் பின்னால நின்னு சமாளிக்கிறோமுங்க. மருந்தும் குண்டும் தீரப்போகுது. மேஜர் சீக்கிரம் வரச்சொன்னாரு."

தளபதி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். அக்கரையில் பிரஷ்யர்கள் நடுவில் சும்மா நின்றார்கள். கூட்டமெல்லாம் பாலத்துக்கு எதிரே. ஏன் அங்கே மட்டும்? சட்டென்று விளங்கியது.

"அந்தப் பிரஷ்யத் தளபதி, கிழட்டு நரி, நம்ம பீரங்கியக் கணக்குப் போடல ஸ்டாட்லர், நம்ம வீம்பக் கணக்குப் போட்டிருக்கான். வலப்பக்கம் யாருக்குன்னு நாம அடிச்சுக்கிட்டு நிப்போம்னு அவனுக்குத் தெரியும்."

"அதுக்காக வழக்கத்த விட்டுட முடியுங்களா?"

"முடியும். லிஸ்கா! ஓடுய்யா! வர்ற பழி என் தலையில."

ஸ்டாட்லரின் முகம் கறுத்தது. "நான் வியன்னாவுல மேலிடத்துக்கு எழுதுவேன்."

"தாராளமா எழுதுங்க. உயிரோட இருந்தா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

லிஸ்காவின் ஆட்கள் வயல் வரப்பெல்லாம் மிதித்துக்கொண்டு ஓடினார்கள். முரசு கேட்டது, பிறகு சரமாரியாக வெடிச்சத்தம். பாலத்தில் ஏறியிருந்த பிரஷ்யர்கள் பின்வாங்கினார்கள். தளபதிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. அப்பாடா, தம்பி பிழைத்தான்!

அப்புறம் பார்த்த காட்சியை அவரால் நம்ப முடியவில்லை. யோசெஃபின் ஆட்கள் சுவர் மறைவை விட்டு வெளியே வந்தார்கள். கொடியை ஏந்தி, அடி பிசகாமல், லிஸ்காவின் பட்டாளத்தைக் கடந்து வெட்டவெளிக் கரையோரமாக வலப்பக்கம் நடந்தார்கள். முன்னால் யோசெஃப்.

"டேய் பாவி, எங்கடா போற? உள்ள போடா!" என்று கத்தினார். அவ்வளவு தூரத்துக்கு எங்கே கேட்கப்போகிறது? அக்கரைப் பீரங்கிகள் முழங்கின. கரையைப் புகை மூடியது.

புகை கலைந்த பிறகு லிஸ்கா வந்தார். கன்னமெல்லாம் கரி.

"பாலம் நம்ம கையில இருக்குங்க."

"தம்பி?"

லிஸ்கா தலையைக் குனிந்துகொண்டார். "வலப்பக்கம் நாங்க நிக்கிறோம்னுதாங்க சொன்னேன். மேஜர் விடல. 'வந்ததுக்கு நன்றி லிஸ்கா, ஆனா முன்னாடியே வந்துட்டாலும் நாங்களும் ஸ்டாட்லர் பட்டாளந்தான், வலப்பக்கம் எங்களுது'ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதாங்க சொன்னாரு."

ஸ்டாட்லர் தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. "பட்டாளத்தோட மானத்தக் காப்பாத்திட்டாருங்க."

தளபதி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடிக்கத்தான் போகிறார் என்று லிஸ்கா குறுக்கே வந்தார். ஆனால் பிடி தானாகத் தளர்ந்தது.

"உம்ம பட்டாளத்துல அவன் சேரமாட்டேன்னுதான்யா சொன்னான்," என்றார் தளபதி. "நாந்தான் கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்டேன். வலப்பக்கம் நிக்கிற பட்டாளமாச்சேன்னு."