மேர்சியின் சிவப்பு எழுத்து

கொழும்புத்துறையில் மேர்சியைக் கண்டால் சீனிப் போத்தலை ஒளித்து வைக்காத வீடு கிடையாது. கடற்தொழில் குடும்பத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் தாங்களே கூடித் தொடங்கிய கரைநலச் சங்கத்தில், கடற்கரை ஒழுங்கைத் தெரு முழுக்க அவள் பொறுப்பு. இரத்தச் சீனி பார்க்கிற மெஷினைத் தோளில் கொழுவிக்கொண்டு நாற்பத்தொரு நீரிழிவுக்காரர் வீடு ஏறி இறங்குவாள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஓர் அட்டை. சீனியைக் குறைக்கிற குளிசை மாத்திரையைப் போட்டால் அன்றைய கட்டத்தில் ஒரு சரி போட வேண்டும். கட்டம் வெறுமையாகக் கிடந்தால் வீட்டுக்காரர் தொலைந்தார். அப்படியொரு வாய் அவளுக்கு.

வாய்க்குக் காரணம் இருந்தது. குளிசையை விட்டு விட்டுப் போட்டுத்தான் அவளுடைய அப்பா முதலில் காலை இழந்தார், பிறகு உயிரை இழந்தார். பயிற்சி தந்த ஆஸ்பத்திரித் தாதி மிஸ்ஸி "சாப்பாட்டோடை குளிசை" என்றுதான் சொல்லிக் கொடுத்தார். மேர்சி அதைச் சுருக்கி, அட்டைகளின் தலையில் சிவப்பு மையால் எழுதினாள்: ஒரு நாளும் விடக்கூடாது. அதில் அவளுக்குப் பெருமை வேறு.

அட்டை கொடுத்த பிறகு வந்த முதல் விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். காலை பத்து மணி. மீன்பிடிக்கிற யாகப்புவின் வீட்டுப் படலையைத் திறந்தபோதே மேர்சிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எட்டு மணிக்கே கரை சேருகிற மனிசன். வள்ளம் கட்டுகிற இடத்தில் கயிறு மட்டும் கிடந்தது. அவருடைய மனைவி இராசமலர் நெற்றியில் பூசைச் சாம்பலோடு வேலியோரம் நின்றாள்.

"அண்ணை இன்னும் வரேல்லையோ அக்கா?"

"இல்லைப் பிள்ளை. காத்துமில்லை, மழையுமில்லை. போன் அடிக்குது, எடுக்கிறாரில்லை."

மேர்சி பழக்கத்தில் அட்டையைப் பார்த்தாள். இன்றைய கட்டத்தில் சரி இருந்தது. நிம்மதியாகத் திரும்பியவளின் கண்ணில் குசினி அடுப்புப் பட்டது. அது மூட்டாமலே கிடந்தது.

"காலமை என்ன சாப்பிட்டவர்?"

"என்ன கதை இது? இண்டைக்கு ஒருசந்தியெல்லே. மத்தியானம் ஒருநேரம்தான் சாப்பாடு. கடலுக்குப் போக முன்னம், விடியப் பூசை முடிய வெறுந்தேத்தண்ணி குடிச்சவர், நீ சொன்னபடி சீனி போடாமல்."

"குளிசை?"

"அது போட்டவர். நீ ஏசுவாயெண்டு."

வெறும் வயிற்றில் விழுந்த குளிசை இரத்தத்தில் உள்ள சீனியை இறக்கிக்கொண்டே போகும். மயக்கம் வரும்; கவனிக்க ஆளில்லாவிட்டால் எழும்பாமலே போகலாம். நோயாளிகளுக்கு ஒருசந்தி கடமையில்லை என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார்தான். யாகப்பு கேட்கிற ஆளா? இதெல்லாம் தெரிந்தும், பாவி, ஒருசந்தி பிடிக்கிறீர்களா என்று மேர்சி ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டாள்.

இராசமலரின் சீனிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கரையில் பக்கத்து வள்ளத்துக் கொலின்ஸ் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, எஞ்சினை இழு. யாகப்பு அண்ணை கடல்லை மயங்கிக் கிடக்கிறார் போலை."

கடலுக்குள் நட்ட வலைக் கம்புகளில் இடித்தபடி யாகப்புவின் வள்ளம் நின்றது. உள்ளே எங்கோ போன் அடித்துக்கொண்டிருந்தது. யாகப்பு ஈர வலையின்மேல் சரிந்து கிடந்தார். ஒரு கை தண்ணீருக்குள். நெற்றிச் சாம்பல் வியர்வையில் கரைந்து கண் வரை வழிந்திருந்தது.

"உயிர் இருக்கோ அக்கா?" கொலின்ஸ் எஞ்சினை நிறுத்தினான்.

"இருக்கு. அம்புலன்சுக்கு அடி. கரைக்கு வரச்சொல்லு."

மெஷின் முப்பத்தொன்று காட்டியது; எழுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது. மேர்சி அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் சீனியைத் தொட்டுக் கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தாள். திரும்பவும் தேய்த்தாள். கடவுளே, இந்த மனிசனை என்ரை கையாலை சாகடிச்சுப்போட்டேனோ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே தேய்த்தாள்.

கரை கிட்டும்போதுதான் யாகப்பு கண் திறந்தார். அவளைக் கண்டதும் தடித்த நாக்கால் அவசரமாகச் சொன்னார்.

"குளிசை விடேல்லைப் பிள்ளை. ஒரு நாளும் விடேல்லை."

மேர்சி வாய்விட்டு அழுதாள்.

அவரை அம்புலன்சில் ஏற்றிவிட்டு ஒழுங்கைப் பக்கம் திரும்பினாள். நேரம் பதினொன்று ஆகப்போகிறது. அட்டை தொங்குகிற வீடுகள் இன்னும் நாற்பது. ஒரு குசினியிலிருந்தும் புகை எழவில்லை.