அக்காவின் அறையில் வாலு

அக்கா இறந்த எட்டாவது மாதம், அவள் வளர்த்த நாய்க்கும் புற்றுநோய் என்றார்கள். வாலு என்று அவள்தான் பேர் வைத்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்த இயந்திரமும் அவர் கைக்கு அடங்கும். நாய் அடங்கவில்லை. முதல் ஊசி போட்ட மறுநாளிலிருந்து அது சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நான் தையல் ஆலையில் காலை ஷிஃப்ட் முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போவேன். வேகவைத்த கோழியை நார் நாராகப் பிய்த்துத் தருவேன். மாமா அதைக் கரண்டியால் வாலுவின் வாயோரத்தில் திணிப்பார். அது பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடும்.

"கொஞ்சம் பிடிச்சுக்கோம்மா," என்றார் ஒரு நாள்.

முன்னங்கால்களைப் பிடித்தேன். கடைசி வாரத்தில் அக்காவின் மணிக்கட்டுகளை இப்படித்தான் பிடித்திருந்தேன். குழைத்த சோற்றை மாமா நீட்ட, அவளும் இப்படித்தான் முகத்தைத் திருப்பினாள். "என்னை விட்டுடுங்களேன்," என்றாள். நாங்கள் விடவில்லை. அன்று மாலையே அவள் பேச்சு நின்றுவிட்டது.

இரண்டாவது ஊசிக்குப் போனபோது கால்நடை மருத்துவர் எடை பார்த்தார். இரண்டு கிலோ இறங்கியிருந்தது.

"வாய்ல திணிக்கிறீங்களா?"

மாமா தலையாட்டினார்.

"வேண்டாம். அதுக்குக் குமட்டுது. அந்த நேரத்துல திணிச்சா சாப்பாட்டைப் பார்த்தாலே பயந்துக்கும். வாந்திக்கு மாத்திரை தர்றேன். அதைக் கொடுத்துட்டு, அப்புறமா சாப்பாட்டை லேசா சூடு பண்ணிப் பக்கத்துல வச்சுட்டு சும்மா உக்காருங்க. நாளைக்கும் ஒண்ணும் தொடலைன்னா உடனே கூட்டிட்டு வாங்க."

"சீக்குல கிடக்கிற எல்லாருக்குமே இப்படித்தானா டாக்டர்?"

நாய்களைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "பெரும்பாலும்," என்றார் மருத்துவர்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வாலு நேராக அக்காவின் அறைக்கதவைப் பிராண்டியது. அவள் போனதிலிருந்து பூட்டிக் கிடந்த அறை. மாமா வெகுநேரம் சாவியைத் தேடித் திறந்தார். மருந்து வாடை இன்னும் போகவில்லை. நாய் கட்டிலோரமாகப் படுத்தது. கூப்பிட்டும் வரவில்லை. வேறு வழியின்றி மாத்திரையைக் கொடுத்து, சூடு பண்ணிய கோழித் தட்டை அங்கேயே வைத்துவிட்டு, நாங்களும் தரையில் உட்கார்ந்தோம். மாமா கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரம் போயிருக்கும். பட்டப்பகல். வாலு திடீரென்று தலையைத் தூக்கி மாமாவின் தோளுக்கு மேலே, கட்டிலைப் பார்த்தது. யாரோ கூப்பிட்டதுபோல் காதை நிமிர்த்தி, வாலைத் தரையில் இரண்டு தடவை தட்டியது. கட்டிலில் வெறும் மெத்தைதான். மாமா திரும்பிப் பார்க்கவே இல்லை.

"தெரியாமப் பண்ணிட்டேன்," என்றார் தரையைப் பார்த்தபடி. "நாலு வாய் உள்ள போனா நீ பொழைச்சுக்குவேன்னு நெனச்சேன்."

என்னிடம் பேசவில்லை என்று புரிந்தது. நானும் கட்டிலைப் பார்த்துச் சொன்னேன்.

"நான்தான் கையைப் பிடிச்சேன், அக்கா."

வாலு எழுந்து தட்டை முகர்ந்தது. ஒரு நாரைக் கவ்வித் தின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவ்வளவுதான். மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

அதன்பின் அந்த அறையில்தான் அதற்குச் சாப்பாடு. சில நாள் தட்டு காலியாகும், சில நாள் அப்படியே இருக்கும். மருத்துவரிடம் ஓடினோமே தவிரத் திணிக்கவில்லை. ஆறு ஊசியும் முடிந்தபோது கட்டிகள் கரைந்திருந்தன. ஏழு மாதம் வாலு எங்களைத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு ஓடியது. கட்டிகள் மறுபடி வந்தபோது, "அதைப் படுத்த வேண்டாம்," என்று மாமாவே சொல்லிவிட்டார். ஒரு முற்பகலில், அவர் மடியில் தலைவைத்தபடி அடங்கியது.

இப்போது மாமா அந்த அறையில்தான் படுக்கிறார். பயமா இல்லையா என்று ஒரு தடவை கேட்டேன்.

"இருக்கு," என்றார். "இருக்கட்டும்."