வலித்தாளின் முதல் முகம்

1.

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோருக்கு என்னென்ன வேண்டும் என்று ஆஸ்பத்திரி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 'தேவை எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் எல்லோரும் டிக் அடித்திருந்தார்கள். நிர்வாகத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆண்டு மலருக்கு நம்பிக்கையூட்டும் கதை எழுத என்னைக் கூப்பிட்டார்கள்.

"அழ வைங்க சார், ஆனா யாரும் சாகக் கூடாது" என்றார் விளம்பர அதிகாரி.

2.

அந்தச் சிறுமியின் கண்களில் நம்பிக்கை ஒளி... (அடித்துவிட்டேன். அன்று அவள் கண்ணில் இருந்தது பீளை.)

மறுபடியும். எட்டு வயது. வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்றுதான் பெயர். இனிமேல் குணமாகாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவும் வலி தெரியாது என்ற அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வலியை அளக்க ஒரு தாள் உண்டு. வரிசையாக ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், கடைசி முகம் அழும். சுண்டெலி தினமும் முதல் முகத்தைத் தொட்டாள். அதனால் மருந்தைக் கூட்டவில்லை. அம்மாவும் நிம்மதியாகப் படிவத்தில் டிக் அடித்தாள்.

3.

நர்ஸுக்கு மட்டும் சந்தேகம். கட்டில் கம்பியைப் பிடித்திருந்த சுண்டெலியின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"அக்கா, போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"இப்பதாம்மா குடிச்சேன்."

"இன்னொண்ணு குடிங்க."

அம்மா கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள். டீயாவது மண்ணாவது.

"இப்ப சொல்லுடா கண்ணு, எந்த மூஞ்சி?"

சுண்டெலி கடைசி முகத்தைத் தொட்டாள்.

"அப்புறம் ஏன் தினமும் சிரிக்கிறதைத் தொட்ட?"

"அழுவுறதைத் தொட்டா அம்மா மூஞ்சியும் அப்படி ஆயிடுதே."*

வெளியே நின்றவள் அதைக் கேட்டு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

(* 'மூஞ்சி' மலருக்கு ஒத்துவராதாம். 'வதனம்' என்று போடலாமா என்று அதிகாரி கேட்டார்.)

4.

முடிவு ஒன்று: சுண்டெலி குணமாகிவிட்டாள். (அதிகாரிக்குப் பிடித்தது. எனக்கும் ஆசைதான். எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: மருந்தைக் கூட்டினார்கள். பல நாளுக்குப் பிறகு அயர்ந்து தூங்கினாள். எழுந்ததும் தாளை அம்மாவிடம் நீட்டினாள்.

"இப்ப நீ தொடும்மா."

அம்மாவின் விரல் முதல் முகத்துக்குத்தான் போனது.

"நான் வேணா போய் டீ குடிச்சிட்டு வரட்டுமா?" என்றாள் சுண்டெலி.

விரல் அப்படியே நின்றுவிட்டது. அதை எந்த முகத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தாளை உங்களிடம் தருகிறேன், நீங்களே தொடுங்கள். பார்த்துத் தொடுங்கள், சுண்டெலி உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.