பம்பைச் சத்தம்

நூம்பலில் அம்மன் கோயில் வாசலில் ஆடிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வயது மகள் நிஷாவுடன் ஸ்வாதி வரிசையில் நின்றபோது, பக்கத்திலேயே பம்பை மேளம் முழங்கத் தொடங்கியது. நிஷா காதுகளைப் பொத்திக்கொண்டு சுழன்றாள். உடம்பு நடுங்கியது. ஸ்வாதி எட்டிப் பிடிப்பதற்குள் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஆத்தா வந்துட்டா. யாரும் தொடாதீங்க," என்றாள் பக்கத்துத் தெரு வேம்புலியம்மாள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை நிஷாவின் தலையில் ஊற்றினாள். தலை நனைவதை நிஷாவால் தாங்க முடியாது. முஷ்டியால் தன் நெற்றியிலேயே குத்திக்கொண்டாள். பம்பை இன்னும் வேகமெடுத்தது.

"இன்னா வோணும் தாயே? சொல்லு," என்று கேட்டாள் வேம்புலியம்மாள்.

"சத்தம் வேணாம்," என்றாள் நிஷா. தெரபியில் பல மாதம் பழக்கிய வாக்கியம் அது.

பம்பை சட்டென்று நின்றது. பெண்கள் கை கூப்பினார்கள். வேம்புலியம்மாள் அடுத்த குடத்தைத் தூக்கினாள்.

பேசாமல் இருந்தால், ஆத்தா இறங்கிய பிள்ளையின் அம்மா என்ற மரியாதையோடு வீடு திரும்பலாம். ஸ்வாதி அந்தக் குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா இல்லக்கா, என் பொண்ணு. அவளுக்கு ஆட்டிசம். சத்தம் தாங்க மாட்டா. தண்ணி ஊத்தாதீங்க."

"ஃபிளாட்டுக்கு நேத்து வந்தவ," என்றாள் ஒருத்தி. "சாமிய இல்லன்றியா?"

"சாமி கேட்டா நிறுத்துறீங்க. புள்ள கேட்டா நிறுத்த மாட்டீங்களா?"

பம்பைக்காரர் குச்சியை ஓங்கியபடி வேம்புலியம்மாளைப் பார்த்தார். அவள் நிஷாவைப் பார்த்தாள். நெற்றி வீங்கியிருந்தது.

"இரு அண்ணாத்தே," என்றாள் வேம்புலியம்மாள். "புள்ள ஊடு போய்ச் சேரட்டும். அப்பால அடி."