இரண்டு முறை ஓடிய சுருள்

1
இரண்டு ஆண்கள் முத்தமிடுவதை முதலில் படம் பிடித்தவன் யாரோ, அவனுக்கு நன்றி சொல்ல நினைத்தேன். யாரென்று தெரியாது. அதனால் ஒருவனை நானே உண்டாக்கினேன்.

முதல் வரி: ‘யாருக்கும் துணிவில்லாத அந்தக் காலத்தில், ஒரு மாபெரும் கலைஞன்—’

(அடித்துவிட்டேன். சிலைக்கு அடியில் பொறிக்கிற வாக்கியம். அவன் கல்யாணங்களைப் படமெடுத்துப் பிழைத்தவன்.)

2
கல்யாணங்களில் மிஞ்சிய பிலிமில்தான் தன் படத்தை எடுத்தான். கடைசிக் காட்சியில் ஒருவன் மற்றவனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு முத்தமிடுகிறான். எடுத்து முடித்த சுருள் என்பதற்கு அடையாளமாக டப்பாவில் டேப் ஒட்டுவது வழக்கம். அன்று சந்தோஷத்தில் மறந்தான். மறுநாள் தங்கை கல்யாணத்துக்குப் புதுச் சுருள் என்று அதையே மாட்டினான்.

ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டும் பதிந்துவிட்டன. பிரிக்க வழியில்லை. திரும்ப எடுக்கவும் முடியாது. நடித்தவர்களில் ஒருவன் ஊரைவிட்டே போய்விட்டான். (போனானா, துரத்தினார்களா? எழுதிப் பார்த்தேன், வரவில்லை.)

தங்கை முகம் இல்லாமல் அந்த முத்தம் இல்லை. அவள் சம்மதிக்காமல் படமும் இல்லை.

3
படம் காட்டும் இயந்திரத்தைக் கொண்டுபோய், அவள் வீட்டுச் சுவரிலேயே ஓட்டிக் காட்டினான். மணமேடையில் அவள், அவள் நெற்றிமேல் இரண்டு ஆண்கள்.

“என்னண்ணா இது?”

“சுருள் மாறிப்போச்சு.”

“அதக் கேக்கல. இவங்க யாரு?”

சொன்னான். தானும் அப்படித்தான் என்பதையும் சொன்னான். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் சுவரையே பார்த்தாள்.

“இது வெளிய வந்தா உன் மாமியார் வீட்ல என்ன ஆகும்னு தெரியும். வேணாம்னு சொல்லு, இப்பவே கிழிச்சுடறேன்.”

“அத்தன பேரு வந்தாங்க. எல்லாம் வெறைச்சுப்போய் நிக்குதுங்க. மாப்பிள்ளையா நிக்கற இவரு மூஞ்சியப் பாரு, சோறு எப்போன்னு கேக்கற மாதிரி.” முத்தத்தை விரலால் காட்டினாள். “என் கல்யாணத்துல சந்தோஷமா இருக்கறது இந்த ரெண்டு பேருதான்.”

(இப்படிப் பேசுவாளா? பேசமாட்டாள் என்று இரண்டு தடவை அடித்தேன். வேறு எதுவும் அவள் வாயில் நிற்கவில்லை.)

மாடிப்படியில் செருப்புச் சத்தம். அவள் கணவன். அண்ணன் இயந்திரத்தை நிறுத்தப் போனான்.

“ஓடட்டும்ணா. அவரும் பாக்கட்டும்.”

4
ஒரு முடிவில் மாப்பிள்ளை இயந்திரத்தைத் தெருவில் வீசுகிறான். இன்னொன்றில், “என் மூக்கு இவ்ளோ பெருசா?” என்கிறான். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். எதுவும் அவள் செய்ததற்கு ஈடாகவில்லை.

அவள் எழுந்து, கணவனுக்கும் ஒரு நாற்காலியை இழுத்து, முத்தத்துக்கு நேரெதிரே போட்டாள்.

என் நன்றி யாருக்கு என்று இங்கேதான் தெரிந்தது. கணவன் வந்து நிற்கும் கதவை நீங்கள் திறந்துகொள்ளுங்கள்.