ஆயுள் பாத்தியம்

ஒரத்தநாட்டு வீட்டை மகன் இனியவன் பெயருக்கு எழுதிக்கொடுத்த ஆறாவது மாதம், மங்களாம்பிகையின் கட்டில் கூடத்திலிருந்து பின்பக்கத்து ரூமுக்குப் போனது. அடுத்த வருடம் அவளையே தஞ்சாவூரில் ஒரு முதியோர் இல்லத்தில் விட்டார்கள். ஒரு ஹாலில் எட்டுக் கட்டில். "ஹாஸ்டல் மாதிரி ஜாலியா இருக்கும் அத்தை" என்றாள் மருமகள் கவிப்ரியா.

மூன்று வருடம் கழித்து இன்றுதான் இனியவன் ஆப்பிளோடு வந்தான்.

"வீட்ட இடிச்சிட்டு வயசானவங்களுக்குன்னே பன்னண்டு ஃபிளாட் கட்டுறோம்மா. லிஃப்ட், நர்ஸு, பாத்ரூம்ல கைப்பிடி எல்லாம் உண்டு. இப்ப இதுதான் ஓடுது."

"மொத ஃபிளாட் யாருக்குடா?"

"கவியோட அப்பா அம்மாவுக்கு."

"எனக்கு?"

"நீதான் இங்க பழகிட்டியேம்மா." பேனாவை நீட்டினான். "பேங்க்ல உன் கையெழுத்து கேக்குறாங்க. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

எதற்கென்று அவளுக்குத் தெரியும். பத்திரம் எழுதியவர் வழக்கமாகப் போடுகிற வரியை அந்த வீட்டுப் பத்திரத்திலும் போட்டிருந்தார்: 'என் ஆயுள் வரை நானே அனுபவித்துக்கொண்டு.' அன்று சிங்கப்பூர் பிளைட்டுக்கு நேரமாகிறது என்று இனியவன் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். அவள் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தாள். வீட்டை விட்டு அனுப்பிய அன்றே அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவனுக்கு வலிக்கிற நாள் வரட்டும் என்றிருந்தாள்.

பேனாவை வாங்கிப் பக்கத்துக் கட்டில் ரஹ்மத் பீவியிடம் கொடுத்தாள். "குறுக்கெழுத்து போட பேனா இல்லன்னியே, இந்தா."

"நல்லா எழுதுது மங்களா!"

"அம்மா, வெளையாடாதம்மா! ஏழு பேரு அட்வான்ஸ் குடுத்துட்டாங்க."

"திருப்பிக் குடு. ஆயுள் பாத்தியம்டா. நான் இருக்குற வரைக்கும் ஒரு செங்கல்ல தொட முடியாது. இன்னைக்கே வீட்டுக்கு வர்றேன். கூடத்துல நானும் ரஹ்மத்தும். மாடிய இங்க உள்ளவங்க நாலு பேருக்கு வாடகைக்கு விடப்போறேன். நீயும் உம் பொண்டாட்டியும் வேற எடம் பாருங்க."

"பெத்த புள்ளைய தெருவுல விடுவியா?"

"ஏன், மாமனார் வீடு இல்ல?"

ரஹ்மத் பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இனியவனின் குரல் இறங்கியது. "எத்தன நாளைக்கும்மா இப்படி?"

"எனக்கு சுகர் இல்ல, பிரஷர் இல்ல. எங்கம்மா தொண்ணூத்தி நாலு வரைக்கும் இருந்துச்சு. எனக்கு அறுபத்தெட்டுதான் ஆவுது" என்றவள் கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். "தூக்கு."