போய் வருகிறேன் என்ற ஆயர்

“தலகீழா நின்னாலும் எங்க ஆளு ‘போறேன்’னு சொல்ல மாட்டாரு, வாத்யாரே! அந்த வார்த்தைய மட்டும் வுட்டா—”

“செத்த பொறும்மா, கழுத்தறுபடப் போற ஆயர் வேற என்னத்தைச் சொல்லுவாரு—”

“பாரு, வாயத் தொறந்ததும் ‘செத்த’ன்றாரு! நல்ல நாளும் அதுவுமா இன்னா நாக்குய்யா உனுக்கு!”

இவ்வாறு ஒருவர் சொல்லை மற்றவர் சொல் மிதித்தேறிய அவ்வேளை, அன்பரே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு மாசித் திங்களின் ஒரு பிற்பகல். கதிரவன் மயிலைக் கோபுரத்துக்கு அப்பால் தாழ, சாந்தோம் கடற்கரைச் சிறுகோயிலின் நிழல் நனைந்த துணிபோல் மணலில் நீண்டு, உலரும் வலைகளைக் கடந்து, நீரின் விளிம்பைத் தொட்டு நின்றது. காற்று அறவே இல்லை. காக்கைகளும் தென்னையில் அமராது, நாடகத்துக்கெனக் கட்டிய கரிய திரையை நோக்கியவாறு மதில்மேல் வாய்மூடி இருந்தன.

முத்தம்மா அடையாற்றங்கரைக் குடிசையில் வாழ்பவள். அவள் கணவன் முருகையன் மந்தைவெளித் தெருக்களில் வண்டி தள்ளி உப்பு விற்பவன். “உப்பே” என்று அவன் குரலெடுத்தால் மூன்று தெருவுக்கு அப்பால் உலைநீர் காத்திருக்கும். அக்குரலுக்காகவே, நெல்லைச் சீமையினின்று வந்த மறைப்பள்ளி ஆசிரியர் அய்யாதுரை, தாம் எழுதிய நாடகத்தில் அவனை ஆயர் நிக்காந்தர் ஆக்கினார்.

கடல்கடந்த நாட்டில், கிறித்து நெறி முளைவிட்ட காலத்தில், அந்நெறியாரை வேந்தன் வேட்டையாடிய ஆண்டுகளில், மந்தையிழந்த மேய்ப்பர்போல் குகைதோறும் அலைந்து, இருளில் மறை ஓதி, பிடிபட்டு, இடக்கண் தோண்டப்பெற்று, உப்புச் சுரங்கத்தில் பதினோராண்டு விலங்கோடு உழன்றவர் அவ்வாயர். வேந்தன் சிலைக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி இட்டால் வீடு திரும்பலாம் என்றனர். அவர் விரல் அசையவில்லை. கொலைக்களம் புகுமுன் மக்களை நோக்கி, “நான் போகிறேன்” என்பதே ஏட்டில் அவருக்கு அமைந்த இறுதிமொழி.

அம்மொழியைத்தான் முத்தம்மா மறித்தாள். மழைநாளொன்றில் ஆறு கடக்க இறங்குமுன் “போறேன்க்கா” என்று வாய்தவறிய அவள் தம்பி அக்கரை சேரவில்லை.

“வாரேன்னு சொன்னா சனங்க சிரிப்பாவம்மா. தலை போன பொறவு எப்படி வருவாரு?”

“சிரிச்சிக்கினு போவட்டும். எனுக்கு இவரு ஒருத்தர்தான் கீறாரு.”

சணலால் செய்த ஒட்டுத்தாடியைச் சொறிந்தபடி முருகையன், “ஒரு வார்த்தைதானே, குடுத்துடு வாத்யாரே” என்றான். அய்யாதுரை தளர்ந்தார், அவ்வொரு சொல்லை அடித்து, “போய் வருகிறேன்” என்று எழுதினார்.

அந்தியின் செம்மை கடல்மேல் படர்ந்தபோது இறுதிக் காட்சி வந்தது. முருகையன் ஒத்திகையில் ஒருநாளும் காட்டாத அமைதியோடு முகம் நிமிர்த்தி, “மக்களே, நான் போய் வருகிறேன்” என்றான். எவரும் சிரிக்கவில்லை. திரைக்குள் அவன் புக, பறை ஒருமுறை அதிர்ந்து ஓய்ந்தது.

திரைக்குப் பின்னே ஐந்தடி மணலும் மதிலுமே உண்டு. முத்தம்மா ஓடிச்சென்று பார்த்தாள். உள்ளே சென்ற அடிச்சுவடுகள் இருந்தன, ஆள் இல்லை. அவள் அலற வாய்திறக்குமுன், மதிலோரத்து இருளினின்று, விலங்கு இழுபடும் ஓசையோடு, அதே அங்கி அணிந்த உருவம் வெளிப்பட்டு, அவளைக் கடந்து, மக்கள் முன் சென்று நின்றது.

“இன்னாய்யா வெளாட்டு இது?” என்று பின்தொடர்ந்து தாடியைப் பற்றி இழுத்தாள். அது வரவில்லை, வேரோடிய மயிராய் வெம்மை கொண்டிருந்தது. இடக்கண் இருந்த இடம் குழிந்திருந்தது. மணிக்கட்டின் தழும்புகளில் உப்பு பூத்திருந்தது.

“சொன்னவாறே வந்தேன்,” என்றது அவ்வுருவம். அக்குரல் மூன்று தெரு கேட்கும் குரலன்று. பன்னெடுங்காலம் மண்ணடியில் அடங்கிக் கிடந்த குரல்.

அய்யாதுரை முழந்தாளிட்டார். கூட்டம் முழுவதும் அவ்வாறே தாழ்ந்தது. கணவனைக் காக்கவென்று ஒரு சொல்லை அவன் நாவில் வைத்தாள் அப்பேதை. அந்நாழிகை அந்நா எவருடையது என்று எண்ணினாளில்லை. விடைபெற்றவர் எவரோ, அவரே மீண்டார். சொல் தன் கடமையில் ஒரு நூலிழையும் தவறவில்லை.

முத்தம்மா மட்டும் தாழவில்லை. அந்த ஒற்றைக்கண்ணை நேரே பார்த்துக் கேட்டாள்:

“நீ வந்துட்ட சாமி, சர்தான். எங்க ஊட்டுக்காரு எங்க?”